நூற்று இருபத்தெட்டாம் எண்

சேலத்திலிருந்து வந்த புகார் நான்கே வரி. "அப்பா நேற்று 'கண்டி' என்று பன்னிரண்டு முறை எழுதினார். எங்களுக்குக் கண்டியில் யாரும் இல்லை. இலங்கைக்கே நாங்கள் போனதில்லை. தயவுசெய்து கருவியைச் சரிபார்க்கவும்." அனுப்பி நாற்பது நாள் ஆகியிருந்தது. சங்கமித்ரா அதைத் திறந்தபோது அதே மகன் எழுதிய இரண்டாவது கடிதமும் கீழே இருந்தது. அப்பா இறந்துவிட்டார், கருவியை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புங்கள்.

மித்ராவுக்கு முப்பத்து நான்கு வயது. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் 'சொல்வாய்' என்ற நிறுவனத்தில் நிரல் எழுதும் வேலை. கையும் காலும் நாக்கும் ஓய்ந்து மூளை மட்டும் விழித்திருக்கும் நோயாளிகளுக்கு அந்த நிறுவனம் ஒரு கருவி செய்தது. மண்டையோட்டுக்கு அடியில் தபால்தலை அளவில் ஒரு தகடு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. நோயாளி மனதுக்குள் ஒவ்வோர் எழுத்தாக உச்சரிப்பார். பெட்டி அதைப் பிடித்துத் திரையில் சொல்லாகக் காட்டும். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடமும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். மனவரி என்று அதற்குப் பெயர். மனவரித் திரையில் வரும் சொல் கையெழுத்துக்குச் சமம் என்று சட்டமும் வந்துவிட்டது. மகனோ மகளோ மருத்துவரோ அதை மாற்ற முடியாது.

மித்ரா சேலத்துப் பெட்டியின் அடி நினைவிலிருந்த எண்களை வரவழைத்தாள். பெட்டிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். முதலில் 'க', அடுத்து 'ண்', கடைசியில் 'டி'. நடுவில் 128 என்று ஓர் எண். அவளுடைய பட்டியலில் 128க்கு எழுத்தே கிடையாது.

பழைய கோப்புகளில் அன்று பிற்பகல் முழுக்கத் தேடினாள். முதன்முதலாகச் செய்த பதினோரு பெட்டிகளுக்கு மட்டும் வேறொரு பட்டியல் இருந்திருக்கிறது. யாரோ கையால் எழுதி, படம் பிடித்து வைத்த ஒற்றைத் தாள். எழுதியவர் பழைய எழுத்து படித்தவராக இருக்க வேண்டும். ணா, றா, னா மூன்றும் ஒரு காலத்தில் துணைக்கால் இல்லாமல் தனி வடிவத்தில் எழுதப்பட்டவை. அந்த ஞாபகத்தில் அவர் அந்த மூன்றையும் மற்ற எழுத்துகளோடு சேர்க்காமல், இயந்திரத்துக்கென்று காலியாக விட்டிருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். 128, 129, 130.

க, ண், ணா, டி. அவர் கண்ணாடி கேட்டிருக்கிறார்.

அப்போது மித்ராவுக்குப் பயம் வரவில்லை. ஒரு பிழையின் வேரைப் பிடித்துவிட்ட திருப்திதான் வந்தது. 'ணா' வரும் வேறு சொற்கள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். கிணாறு என்று எழுதி, இல்லை என்று அடித்தாள். அண்ணாச்சி. அண்ணாமலை. பிறகு 'வேணாம்' என்று எழுதினாள். பேனாவை மூடி வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லாப் பெட்டிகளும் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. பழைய எண்ணை எடுத்து அதற்குரிய யூனிகோடு எழுத்தைக் கொடுக்கும் நிரலை மித்ராதான் எழுதினாள். தெரியாத எண் வந்தால் நின்றுவிடு என்று அதில் எழுதியிருந்தாள். ஆறாயிரம் பெட்டிகள் சரியாக மாறின. பதினோரு பெட்டிகளில் நின்றது. மறுநாள் காலை அரசு அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். மேலாளர் ஜெயசீலன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஏதோ குப்பை எண்ணா இருக்கும். தாண்டிப் போகச் சொல்லு" என்றார். நில் என்றிருந்ததை அவள் தாண்டிப் போ என்று மாற்றினாள். ஒரே ஒரு சொல். நிரல் நிற்காமல் ஓடியது. கைதட்டினார்கள்.

இப்போது அதே ஜெயசீலன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"எத்தன பெட்டி?"

"பதினொண்ணு சார். எட்டுப் பேர் இறந்துட்டாங்க. ரெண்டு பேருக்கு நினைவில்ல. உடுமலைப்பேட்டைல ஒருத்தங்க மட்டும்தான் மிச்சம்."

"அப்ப அந்த ஒருத்தருக்குச் சரி பண்ணிடு. அடுத்த அப்டேட்டுல சத்தமில்லாம சேத்துடு."

"அவங்கெல்லாம் குடுத்த சம்மதம் சார்? தொண்டைல துளை போட்டது, மூச்சு மிஷின் வெச்சது, எல்லாம் அவங்க கேட்டதாப் பதிவாயிருக்கு. நெஜமா என்ன சொன்னாங்கன்னே நமக்குத் தெரியாது."

ஜெயசீலன் தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவான குரலில், "மித்ரா, தாண்டிப் போன்னு நான் வாயாலதான் சொன்னேன். எழுதினது நீ" என்றார்.

அவள் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடுமலைக்குப் பேருந்து ஏறினாள்.

உடுமலையில் இருந்தவர் தெய்வானை. ஐம்பத்தொன்பது வயது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் பி.டி. டீச்சர். அவர் பயிற்சி கொடுத்த கைப்பந்து அணி நான்கு முறை மாநில அளவில் கோப்பை வாங்கியிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் விசில் ஊதும்போது உதடு குவியவில்லை. அங்கே ஆரம்பித்து ஒவ்வொரு தசையாக ஓய்ந்துவிட்டது. கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் தாரிணி, காற்றாலைப் பொறியாளர்.

கதவைத் திறந்தது தாரிணியேதான். இருபத்தொன்பது வயதுக்கு முகம் அதிகம் வாடியிருந்தது.

"பொட்டிக்காரங்களா? வாங்க. நாலு மாசமா அதுல ஒண்ணும் வரதில்லைங்க. டாக்டர் மூளைக்கும் ஏறிருச்சுங்கறாரு. பாத்துட்டு எடுத்துட்டே போனாலும் சரிதான்."

உள்ளறையில் தெய்வானை படுத்திருந்தார். தொண்டையில் குழாய். மூச்சு இயந்திரம் சீராக ஏறி இறங்கியது. இமைகள் பாதி மூடியிருந்தன. அவற்றைத் தூக்க அவரால் முடியாது. மனவரித் திரை கட்டிலின் கால்மாட்டில், பார்க்க வருபவர்களுக்கு வசதியாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

"திரைல வர்றத அம்மாவால படிக்க முடியாதுங்களா?" என்றாள் மித்ரா.

"கண்ணு நிக்காதுங்க. காது நல்லாக் கேக்கும்."

"குரல் வசதி இருக்குமே. எழுதினத அவங்க குரல்லயே பேசுமே?"

"நாந்தான் நிறுத்தி வெச்சேன்." தாரிணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பேச்சு போறதுக்கு முந்தி பதிவு பண்ணி வெச்ச குரலுங்க. அந்தக் குரல்ல இது பேசறது என்னால கேக்க முடியல."

ஆக, தான் சொன்னது திரையில் எப்படி வந்தது என்பது இந்தப் பெண்மணிக்கு இரண்டு வருடமாகத் தெரியாது. மித்ரா கூடத்துக்குப் போய்ப் பேசலாம் என்றாள்.

கூடத்தில் தாரிணி காபி கொடுத்தாள். மித்ரா குடிக்கவில்லை.

"அம்மா நெறய எழுதுவாங்களா, முன்ன?"

தாரிணி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"எழுதுவாங்க. எல்லாமே ஒரே சொல்லுதான். வேணும், வேணும், வேணும். ஒரு நாளைக்கு நாப்பது தடவ. தொண்டைல துளை போடட்டுமான்னு டாக்டர் முபாரக் கேட்டாரு. சட்டப்படி மூணு நாள், மூணு தடவ கேக்கோணுமாம். மொத நாள் வேணும்னாங்க. ரெண்டா நாள், யோசிச்சேன் வேணும்னாங்க. மூணா நாள் ஆமான்னாங்க. அப்பறம் எனக்கு டென்மார்க்குல வேலை வந்துச்சுங்க. கடலுக்குள்ள காத்தாடி நிறுத்தற வேலை. நான் படிச்சதே அதுக்குத்தான். பெரியம்மா வந்து அம்மாவப் பாத்துக்கறேன்னாங்க. நான் அம்மாகிட்டயே கேட்டேன், போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமான்னு. 'நீ இங்க வேணும்'னு வந்துச்சு." காபித் தம்ளரைத் தரையில் வைத்தாள். "தாயி அப்படிக் கேட்டா என்னங்க பண்றது? இருந்துட்டேன். அப்பறம் இல்ல வேணும், இல்ல வேணும்னே வரும். என்னமோ இல்லையாம், அது வேணுமாம். அப்பா போட்டோவக் கொண்டாந்து வெச்சேன். ரேடியோ வெச்சேன். அவங்க வாங்குன கோப்பையெல்லாம் தொடச்சுக் கொண்டாந்து வரிசையா வெச்சேன். நின்னபாடில்ல. நிறுத்துன்னு வரும். ஃபேன நிறுத்துவேன். ரேடியோவ நிறுத்துவேன். மறுபடியும் நிறுத்துன்னு வரும். வேற எத நிறுத்தறது?"

மித்ரா பையிலிருந்து தன் கணினியை எடுத்தாள்.

"தாரிணி, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. அப்பறம் என்ன வேணாலும் பேசுங்க."

சொன்னாள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் இருப்பதை. பழைய எண்ணிலிருந்து புது எழுத்துக்கு மாற்றிய பட்டியலைத் தான் எழுதியதை. பதினோரு பெட்டிகளில் மூன்று எழுத்துகள் வேறு இடத்தில் இருந்ததை. தெரியாத எண் வந்தால் தாண்டிப் போ என்று மாற்றியதை.

"அதனால ணா, றா, னா மூணும் விழுந்துடுச்சு. எழுத்து விழுந்தா சொல்லுல ஓட்டை விழும். எழுத்துப் பிழை திருத்தறதுக்கு உள்ள இன்னொரு நிரல் இருக்கு. அது அவங்கவங்க பேசற பழக்கத்தப் பாத்து, ஓட்டைக்குத் தகுந்த சொல்லப் போட்டுடும். ஒரு எழுத்து விழுந்து வே, ம் மட்டும் வந்தா, இவங்க வழக்கமா என்ன சொல்லுவாங்கன்னு பாக்கும். அம்மா 'வேணாம்'னு ஒரு தடவகூடச் சொன்னதா அதுக்குத் தெரியாது. ஏன்னா அந்த எழுத்து அதுகிட்டப் போய்ச் சேரவே இல்ல."

மித்ரா கணினியைத் திறந்தாள்.

"ஆனா-ன்னு சொன்னா ஆ மட்டும் நிக்கும். அத ஆமா-ன்னு ஆக்கிடும்."

"காட்டுங்க" என்றாள் தாரிணி.

சரியான பட்டியலை வைத்து மறுபடி மாற்றிய பதிவு கணினியில் இருந்தது. மித்ரா அதை அவள் பக்கம் திருப்பினாள். தாரிணி விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

வேணாம். யோசிச்சேன் வேணாம். ஆனா.

மூன்றாம் நாள் 'ஆனா' என்று ஆரம்பித்து, அதற்கு மேல் தெம்பு இல்லாமல் நின்றிருக்கிறார். அடுத்த பதிவு ஒன்பது நாள் கழித்து, அறுவைக்குப் பிறகு. ஏன். அதற்கடுத்தது, நிறுத்து. பிறகு, இல்ல வேணாம். இல்ல வேணாம். பக்கம் பக்கமாக அதுவே. இடையில் ஒரு நாள், நீ இங்க வேணாம்.

தாரிணி அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. இயந்திரம் மூச்சு விடும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"கடைசி வரிக்குப் போங்க" என்றாள்.

நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. நான் அப்படி சொல்லல.

"இதுல அந்த மூணு எழுத்துல ஒண்ணுமே இல்லைங்க" என்றாள் தாரிணி.

"இல்ல."

"அப்ப இது சரியா வந்துச்சு."

"சரியாதான் வந்திருக்கும்."

"வந்துச்சுங்க. பாத்தேன். அன்னைக்குத்தான் நான் கத்துனேன். எப்பப் பாரு வேணும் வேணும்ங்கறயே, உனக்கு எதும்மா போதும், என்ற உசுரையும் வேணும்பயான்னு கேட்டேன். ரொம்ப நேரங்கழிச்சு இது வந்துச்சு. நான் அப்படி சொல்லலன்னு." அவள் குரல் உடையவில்லை, அதுதான் மித்ராவால் தாங்க முடியாததாக இருந்தது. "பொய் வேற சொல்றயான்னு கேட்டுட்டு வெளிய போயிட்டேன். அதுக்கப்பறம் அவங்க எழுதறதில்ல."

மித்ரா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தாரிணி கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் அசையாத கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"அம்மா, நீ வேணாம்னு சொன்னயாமா. அந்தப் பொட்டி மாத்திக் காட்டிருச்சு. நான் உன்னய ரெண்டு வருஷமா வதைச்சிருக்கேன். ஒவ்வொரு நாளும் நீ விடுன்னு சொல்லச் சொல்ல நான் புடிச்சு வெச்சிருக்கேன். இதத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிம்மா இருப்பேன்? நீ போனதுக்கப்பறம் நான் எப்படிம்மா இருப்பேன்?"

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மித்ரா கட்டிலின் மறுபக்கம் வந்து நின்று, தான் யாரென்றும் தான் என்ன செய்தேனென்றும் தெய்வானையிடம் சொன்னாள். பாதி மூடிய அந்தக் கண்களில் எதுவும் மாறவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது. தாரிணி அழுதுகொண்டே அதைத் துடைத்தாள்.

பெட்டியில் புதிய பட்டியலை ஏற்ற இருபது நிமிடம் ஆனது. குரலையும் திறந்துவிடச் சொன்னாள் மித்ரா. தாரிணியே பொத்தானை அழுத்தினாள்.

பிற்பகலில் டாக்டர் முபாரக் வந்தார். ஐம்பது வயது, களைத்த மனிதர். பதிவைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாந்தான் துளை போட்டேன்" என்றார். பிறகு, "இந்தப் பழைய பதிவ வெச்சு மிஷின நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. பழைய சம்மதம் தப்புன்னு கோர்ட்டு சொல்லணும். அதுக்கு வருஷக்கணக்காகும். ஆனா இப்ப அவங்களே ஒரு வார்த்த சொன்னா போதும். மூணு நாள் கேக்கறேன். மூணு நாளும் வேணாம்னா, நாலாம் நாள் நான் நிறுத்திடறேன்" என்றார்.

கட்டிலருகே குனிந்து நிதானமாகக் கேட்டார். "டீச்சர், பெட்டி இப்ப சரியாயிடுச்சு. நீங்க சொல்றது உங்களுக்கே கேக்கும். மூச்சு மிஷின் தொடரணுமா? என்ன சொன்னாலும் அப்படியே செய்யறோம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். நான்கு மாதமாக எதுவும் சொல்லாதவர். தாரிணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தாள். இரண்டு நிமிடம் போயிற்று. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஏதோ எழுதுகிறார். விளக்கு நின்றது. முக்கால் நிமிடம் ஒன்றுமில்லை. தாரிணியிடமிருந்து ஒரு விம்மல் வெளிப்பட்டது. பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

"வேணும்" என்றது பெட்டி, நடு வயதுப் பெண்ணொருத்தியின் கணீரென்ற குரலில். விளையாட்டுத் திடலில் அந்தக் கடைசி வரை கேட்கக்கூடிய குரல்.

தாரிணி திடுக்கிட்டு மித்ராவைப் பார்த்தாள். "இது சரியா வந்துச்சுங்களா?"

மித்ரா எண்களைப் பார்த்தாள். ணாவின் எண் இல்லை. ணுவின் எண். இரண்டு முறை பார்த்தாள்.

"சரியாதாங்க வந்திருக்கு."

மறுநாளும் கேட்டார்கள். வேணும். மூன்றாம் நாளும் கேட்டார்கள். வேணும். மித்ரா தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தாரிணியின் குரலில் ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. "அக்கா, அம்மாவுக்கு இப்ப மனசு மாறிருச்சுங்க. நான் பேசறத, சத்தம் கேக்கறத எல்லாம் புடிச்சுப் போச்சாட்ட இருக்குது. அப்ப வேணாம்னு இருந்துச்சு, இப்ப வேணும்னு இருக்குது. அப்படி ஆகுமில்லீங்க?"

"ஆகுங்க" என்றாள் மித்ரா.

அதற்குப் பிறகு எட்டு மாதம் தாரிணி அம்மாவை விட்டு நகரவில்லை. தினமும் காலையில் கட்டிலருகே உட்கார்ந்து, "இன்னைக்கும் வேணுமாம்மா?" என்று கேட்பாள். வேணும் என்ற பதில் வந்த பிறகுதான் பல் துலக்கப் போவாள். தெய்வானையும் பேசினார். பழைய மாணவிகளைப் பற்றிக் கேட்டார். ஒருநாள் தாரிணி வைத்த ரசம் வாசனையாக இருக்கிறது என்றார். டென்மார்க் போ என்றார். தாரிணி போகவில்லை, அந்த இடத்துக்கு ஆள் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நெஞ்சில் சளி கட்டி மூன்று முறை காய்ச்சல் வந்தது. முதுகில் புண் வந்து, எலும்பு வரைக்கும் போனது. ஒவ்வொரு முறையும் டாக்டர் முபாரக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே கணீர்க் குரலில் அதே பதில் வந்தது. நான்காவது காய்ச்சலில், தை மாதத்து முற்பகல் ஒன்றில் தெய்வானை இறந்தார்.

அதற்குள் மித்ரா முன்பே இறந்துபோயிருந்த எட்டுப் பேரின் குடும்பங்களுக்கும் சரியான பதிவை அனுப்பியிருந்தாள். அலுவலகத்தில் யாரையும் கேட்காமல்தான் அனுப்பினாள். நிறுவனம் அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை; நீக்கினால் காரணம் எழுத வேண்டியிருக்கும். திரும்பி வரும் பெட்டிகளைத் துடைத்து, நினைவை அழித்து, கிடங்குக்கு அனுப்பும் பிரிவில் போட்டுவிட்டார்கள். எட்டில் ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. மூன்று பேர் தொலைபேசியை எடுக்கவில்லை. சேலத்து மகன் மட்டும் பதில் எழுதினார். அவருடைய அப்பா கடைசி ஏழு மாதமும் வேணாம் என்றே சொல்லியிருந்தார். "அவர் விருப்பப்படி எல்லாம் செய்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எனக்கு ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டிருந்தார். மித்ரா அந்தக் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படித்தாள்.

தெய்வானையின் பெட்டி மாசி மாதத்தில் அவள் மேசைக்கு வந்தது. தாரிணி அதை ஒரு பழைய துண்டில் சுற்றி அனுப்பியிருந்தாள்.

நினைவை அழிப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கமில்லை. மித்ரா திறந்தாள். முடிவான சொற்கள் ஓர் இடத்தில் இருக்கும். சொல் முடிவாகும் முன் நோயாளி எழுதுவதும் அழிப்பதும் திருத்துவதும் வேறோர் இடத்தில், தகட்டின் பழுது பார்க்க உதவுவதற்காக, நேரத்தோடு பதிவாகியிருக்கும். குடும்பத்தார் அதைப் பார்ப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

டாக்டர் முதல்முறை கேட்ட நாளைத் தேடி எடுத்தாள்.

வே. ணா. ம்.

அதன்பின் நாற்பத்து மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு, அழி. அழி. ணு. ம். முடிவு.

மித்ராவுக்கு அந்த நாற்பத்து மூன்று நொடி நினைவுக்கு வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் விம்மல் மட்டும்தான் அந்த அறையில் அப்போது கேட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. அப்புறம் தாரிணி தினம் காலையில் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு நாளும் வே, ணா, அழி, ணு, ம். முதுகுப் புண் வந்த வாரத்தில் வேணாம் என்று முழுதாக எழுதி, ஆறு நிமிடம் வைத்திருந்து, பிறகு அழித்திருக்கிறார். ஒருநாள் மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்திருக்கிறார். கடைசி மூன்று வாரம் அழிப்பே இல்லை. வே, ணு, ம். நேராக வந்திருந்தது. பழகிவிட்டது.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. தாரிணி.

"அக்கா, பொட்டி வந்து சேந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. இன்னைக்குத்தான்."

"அழிச்சுப் போடுவீங்களா?"

"அழிக்கணுங்க. விதி."

"ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்கக்கா. அம்மா போன அன்னைக்குக் காலைல நான் வெந்நி வெக்கப் போயிருந்தேன். கேக்காம உட்டுட்டேன். அம்மா தானா ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா? வேற ஏதாச்சும் உள்ள இருக்குதுங்களா?"

மித்ரா திரையைப் பார்த்தாள். அன்று காலை தெய்வானை எதுவும் எழுதவில்லை. அதற்கு முந்தைய எட்டு மாதம் வரிசையாகத் திரையில் நின்றது.

"ரெண்டு வருஷம் நான் பண்ணது பாவந்தானுங்க" என்றாள் தாரிணி. "அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த எட்டு மாசம் அவங்களே வேணும்னு இருந்தாங்க. அத நெனச்சுத்தான் எந்திரிக்கறேன், சோறு திங்கறேன். அடுத்த வாரம் மறுபடி வேலைக்குப் போகலாம்னு இருக்கறேனுங்க. பக்கத்து ஊர்ல காத்தாடிக்கு இறக்கை மாத்தறாங்களாம், ஏறச் சொல்லியிருக்காங்க. அதனாலதான் கேக்கறேன். வேற ஏதாச்சும் இருந்தா சொல்லிருங்க. நான் தாங்கிக்குவேன்."

அலுவலகத்தில் யாரோ பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மித்ரா அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள்.

"முந்தின நாள் வேணும்னு சொல்லியிருக்காங்க" என்றாள். "அதான் கடைசி. வேற ஒண்ணும் இல்லைங்க."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"செரிங்கக்கா. அது போதுமுங்க."

தாரிணி வைத்த பிறகும் மித்ரா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதைக் கீழே வைத்துவிட்டு, அழிக்கும் ஆணையைக் கொடுத்தாள். பழைய பெட்டி என்பதால் முழுதாக அழிய ஆறு நிமிடம் ஆகும் என்று திரை காட்டியது. பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. ஆறு நிமிடமும் அந்த எண்கள் ஒவ்வொரு வரியாக இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.